பின் கண்ணாடிக்கு இருபது வீதம்

சனிக்கிழமைகளில் ஒஸ்லோவின் ரொம்சோஸ் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பதினொரு வெள்ளைக் கார்கள் நிற்கும். பதினொன்றும் மின்சாரக் கார். ஒரே கம்பனி, ஒரே மொடல், ஒரே வெள்ளை. இதில் தற்செயல் எதுவும் இல்லை. நம்மவர்கள் கார் வாங்குகிற முறையே அதுதான். முதலில் பத்மநாதன் வாங்கினார். வாங்கிய கிழமையே பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டினார். "பத்தண்ணை வாங்கியிருக்கிறார் எண்டால் விசாரிச்சுத்தான் வாங்கியிருப்பார்" என்று இரண்டாமவர் வாங்கினார். "ரெண்டு பேர் வாங்கியிருக்கினம்" என்று மூன்றாமவர் வாங்கினார். நான்காமவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. வேறு நிறம் வேண்டுமென்றால் நாலு மாதம் காத்திருக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கும்போது நாலு மாதம் பொறுக்க யாரால் முடியும்? எல்லாரும் கிட்டக் கிட்ட எடுத்ததால் இலக்கத் தகடுகள்கூட ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி அடுத்தடுத்து வந்தன.

ஹொல்ம்லியாப் பக்கத்தில் இருக்கும் மகேசன் வாங்கியது எட்டாவது கார். ஜூன் மாதம் எடுத்தார். ஐம்பத்தெட்டு வயது; ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மனைவி விமலாதேவி ஒரு நேர்சரியில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிப்பவர். மகேசனைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: மனுசன் நல்லாய்க் கார் ஓட்டும். முப்பத்தொரு வருடம் இந்த ஒஸ்லோப் பனியிலும் வழுக்கலிலும் ஓட்டி ஒரு கீறல் கிடையாது. யாருக்கு விமான நிலையம் போக வேண்டுமென்றாலும், யார் வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும், "மகேசனைக் கேளுங்கோ." அந்த ஒரு பேரைத்தான் அவர் வாழ்நாளில் சம்பாதித்திருந்தார். அதற்குத்தான் இப்போது வந்தது வினை.

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தவர், தன் காருக்குப் போய்க் கைபிடியைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. போனை எடுத்துத் தட்டினார். திறக்கவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தார். கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே பத்மநாதனின் மனைவி சிவநாயகி இருந்தார்.

"தம்பி மகேசன், என்னைக் கடத்திக்கொண்டு போற எண்ணமோ?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மகேசனும் சிரித்தார். சிரிக்க வசதியாகத்தான் இருந்தது, ஏனென்றால் கார் மாறிப் போய் இழுக்காதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. பத்மநாதனே ஒருமுறை அடுத்தவரின் காரில் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு வந்தவர். ஆனால் மற்றவர்கள் ஒருமுறை மாறினார்கள். மகேசனுக்கு இது நாலாவது தடவை. அதை எண்ணி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மகேசன். மற்றவர் தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி பேசாமல் பின்னால் நின்ற விமலாதேவி.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மகேசனுக்கு இலக்கத் தகடு தெரியவில்லை. கிட்டப் போனால் தெரியும். பத்து அடி தள்ளி நின்றால் எழுத்தெல்லாம் நனைந்த கடதாசியில் எழுதிய மாதிரி ஊறிப் போயிருக்கும். பின்னேர வெயில் பதிந்து முகத்தில் அடிக்கும்போது தெரு முழுக்க வெள்ளையாகிவிடும். எதிரே வருகிற கார்களின் வெளிச்சம் நூல் நூலாகப் பிரிந்து பரவியது. இதற்கெல்லாம் அவர் கண்டுபிடித்த காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். பழுது தன்னிலில்லை, காரில் என்று முடிவு செய்திருந்தார். இந்தக் காருக்குக் கண்ணாடி அதிகம், கூரையில்கூடக் கண்ணாடி, ஆகவே வெளிச்சம் தேவைக்கு மேல் உள்ளே வருகிறது, அதுதான் கண் கூசுகிறது. போன மாரியில் பழைய டீசல் காரிலும் இதே கதைதான் என்பது மனுசனுக்கு வசதியாக மறந்து போயிருந்தது.

ஏன் மறந்தது என்பதற்கும் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவருடைய மூத்த அண்ணருக்கு அறுபது வயதில் இரண்டு கண்ணும் போனது. இன்றைக்கு நாளைக்கு என்று டொக்டரிடம் காட்டாமல் இழுத்து, காட்டிய நேரம் இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த அண்ணரின் முகம் மகேசனுக்கு ஒவ்வொரு நாளும் காலையில் ஞாபகம் வந்தது. பயம் வந்துவிட்ட மனிதனுக்கு எந்தக் காரணமும் நல்ல காரணம்தான். டொக்டரிடம் போனால் ஓட்டக்கூடாது என்று கார்த் திறப்பைப் பறித்துவிடுவார்கள். கண்ணாடிக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

"இஞ்சை பாரும் விமலா, காருக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டுவம். அப்பதான் எங்கடை கார் எது எண்டு தெரியும்" என்றார் அன்று வீட்டுக்குப் போகிற வழியில்.

விமலாதேவி அவர் முகத்தைப் பார்த்தார். "ஒட்டுங்கோ" என்றார்.

கறுப்பு என்றால் கறுப்பு, அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் மகேசன் இறங்கினார். அங்கேயும் வீதக் கணக்கு இருந்தது. ஐந்து, இருபது, முப்பத்தைந்து, ஐம்பது. கார் விஷயமென்றால் பத்மநாதனைக் கேட்காமல் எவரும் ஒரு ஆணிகூட முறுக்குவதில்லை. மகேசனும் கேட்டார்.

"இதிலை என்ன குழப்பம்? கறிக்குத் தூள் போடுற மாதிரித்தான்" என்றார் பத்மநாதன். "ஐஞ்சு எண்டால் சாடையாய். ஐம்பது எண்டால் கடும் கறுப்பு. நீர் ஐஞ்சைப் போடும், அளவாய் இருக்கும்."

அன்று பின்னேரம் மகள் கம்சிகாவிடம் போனில் சொன்னார். துறொண்ட்ஹைமில் பொறியியல் வேலை பார்க்கிற பிள்ளை. "ஐயோ அப்பா, அது மற்றப் பக்கம். எவ்வளவு வெளிச்சம் உள்ளை வரும் எண்டதுதான் அந்த நம்பர். ஐஞ்சு புரொசென்ட் எண்டால் ஐஞ்சுதான் வரும். கும்மிருட்டு. ஐம்பது எண்டால் பாதி வெளிச்சம் வரும்."

"அப்ப கூட நம்பர் எண்டால் குறையக் கறுப்போ?"

"ஓம்."

"குறைய நம்பர் எண்டால் கூடக் கறுப்போ?"

"ஓம் அப்பா."

"அப்ப நூறு எண்டால்?"

"நூறு எண்டால் பிலிமே இல்லை."

மகேசன் ஒரு கடதாசியில் ஐந்து, இருபது, முப்பத்தைந்து, ஐம்பது என்று எழுதி, கீழே அம்புக்குறி போட்டார். பிறகு அந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்பதில் சந்தேகம் வந்து இன்னொரு அம்புக்குறி போட்டார். மறுநாள் வேலைத்தலத்தில் சூசைரட்ணம் என்கிற நண்பர், நிறம் முக்கியமில்லை, வெப்பத்தைத் தடுக்கிற பிலிம் என்று ஒன்று இருக்கிறது, அது கறுப்பே இல்லாமல் வேலை செய்யும் என்று சொல்லிவைத்தார். கறுப்பே இல்லாத கறுப்புப் பிலிமா? தலை சுற்றியது. அதற்குமேல் இன்னொரு மர்மம். திங்கட்கிழமைகளில் காரில் ஏறினால் பற்றரி அவர் விட்ட இடத்தில் இருப்பதில்லை. சனி இரவு எண்பதில் விட்டவர் திங்கள் காலையில் எழுபதைக் காண்பார். எண்பதில் விட்டேனா, எழுபதில் விட்டேனா, அல்லது இப்போது எழுபது என்று தெரிவது எழுபதுதானா? கண்ணை நம்புவதா, காரை நம்புவதா என்று தெரியாமல் அவர் திரையை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"கார் நிண்ட இடத்திலை சார்ச் குடிக்குது பத்தண்ணை."

"குடிக்கும். அது நித்திரை கொள்ளேக்கையும் யோசிச்சுக்கொண்டு இருக்கிற கார்" என்றார் பத்மநாதன்.

பிலிம் ஒட்டுகிற பட்டறை அல்னாபுருவில், லொறிகள் நிற்கிற ஒரு பெரிய முற்றத்தின் மூலையில் இருந்தது. நடத்துகிறவர் கரோலினா என்கிற போலந்துப் பெண். நாற்பது வயதிருக்கும், முழங்கை வரை சவர்க்கார நுரை. மகேசனின் நோர்வீஜியமும் கரோலினாவின் நோர்வீஜியமும் வேறு வேறு திசைகளிலிருந்து வந்தவை என்றாலும் நடுவில் சந்தித்துக்கொண்டன. விமலாதேவியும் கூட வந்திருந்தார். வழக்கமாக இப்படியான இடங்களுக்கு வராதவர் ஏன் வருகிறார் என்று மகேசனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

"முன் கண்ணாடிக்குத்தான் முதலில் வேண்டும். பிறகு முன் கதவு இரண்டுக்கும்" என்றார் மகேசன்.

"அது முடியாது" என்றார் கரோலினா. "முன் கண்ணாடியும் முன் கதவுகளும் ஓட்டுகிறவர் பார்க்கிற கண்ணாடிகள். சட்டம் விடாது. ஒட்டினால் பரிசோதனையில் கழற்றச் சொல்வார்கள். பின் கதவுகளுக்கும் பின் கண்ணாடிக்கும் நீங்கள் விரும்பிய அளவு கறுப்புப் போடலாம்."

"வெளிச்சம் முன்னுக்குத்தானே அடிக்கிறது?"

"அதற்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்."

"பின்னுக்கு ஆருமே இருக்கிறேல்லை" என்று மகேசன் தமிழில் விமலாதேவியிடம் முறைப்பட்டார். அவர் முகத்தைப் பார்த்தே கரோலினா விளங்கிக்கொண்டார் போலும். "பின்னால் யார் இருப்பார்கள்? சின்னப் பிள்ளைகளா?" என்று கேட்டார்.

"ஒருவரும் இல்லை."

கரோலினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லாத காருக்குப் பின்னால் கறுப்பு யாருக்கு என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது. விமலாதேவி அவசரமில்லாமல் சொன்னார்: "போடுங்கள். யாராவது இருப்பார்கள்."

கரோலினா ஒரு மாதிரிப் பலகையை எடுத்துவந்தார். மட்டையில் வரிசையாக ஐந்து சதுரம் வெட்டி, பிலிம் ஒட்டியிருந்தது. அதைப் பட்டறை வாசலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முற்றத்துக்கு அப்பால் ஒரு மஞ்சள் லொறி நின்றது. "ஒவ்வொன்றின் ஊடாகவும் அந்த லொறியைப் பாருங்கள். எது உங்களுக்கு இதமாக இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்."

மகேசன் குனிந்து முதலாவதைப் பார்த்தார். இருட்டு. இரண்டாவது, இருட்டுத்தான், ஆனால் லொறி ஒன்று இருப்பது தெரிந்தது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அவரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஐந்தாவதில் கண்ணை வைத்ததும் முகம் மலர்ந்தது.

"இதுதான்! இதுதான் நான் தேடினது" என்றார். "மறைக்கவும் இல்லை, கூசவும் இல்லை. மெல்லிய புகை மாதிரி ஒரு படலம். லொறியின் மஞ்சள்கூடக் கொஞ்சம் மங்கிப் பதமாக இருக்கிறது. இது எத்தனை வீதம்?"

கரோலினா மட்டையைக் கொஞ்சம் தாழ்த்தி, தன் சுட்டுவிரலை அந்த ஐந்தாவது சதுரத்துக்குள் விட்டார். விரல் மறுபக்கம் வந்தது. அதில் பிலிம் எதுவும் இல்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறுமனே வெட்டி விட்டிருந்த ஓட்டை.

மகேசன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் காது சுட்டது. முதலில் அந்தப் பெண் ஏதோ வித்தை காட்டுகிறாள் என்று நினைத்தார். பிறகு தானே தன் விரலை நீட்டினார், அதுவும் போனது. அந்தப் புகை பிலிமில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை அவருக்குத் தெரியும், ஆகவே அதைக் கேட்காமல் பெரிதாகச் சிரித்தார்.

"பகிடிக்குச் சொன்னேன்! ஓட்டை என்று தெரியாதா எனக்கு?"

கரோலினா சிரிக்கவில்லை. "நீங்கள் கண்ணைக் காட்டுவது நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். மகேசன் அதற்குள் காரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். விமலாதேவி தோள்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார். "இருபது வீதம் போடுங்கள்" என்றார் கரோலினாவிடம். அதோடு பேச்சு முடிந்தது.

இருபது வீதக் கறுப்போடு அடுத்த சனிக்கிழமை கார் ரொம்சோஸ் போனது. பத்து வெள்ளைக் கார்களுக்கு நடுவில் பின்பக்கம் கறுத்த ஒரே கார். மகேசன் வாசலில் நின்று பார்த்தார்; நேரே நடந்தார்; கதவு திறந்தது. அன்று முழுக்க அவருக்கு வயது பத்துக் குறைந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். அந்தச் சந்தோசம் எத்தனை நாளைக்கு? "மகேசன்ரை கார் எடுப்பாய் இருக்கு" என்றார் ஒருவர். "எங்கை ஒட்டினீர்?" என்றார் இன்னொருவர். நம்மவர்களைத் தெரியாதா? அல்னாபுருப் பட்டறையில் கரோலினாவின் நாட்குறிப்பு முழுவதும் தமிழ்ப் பெயராகிவிட்டது. நவம்பர் நடுப்பகுதிக்குள் பதினொரு காரும் பின்பக்கம் கறுத்து, பதினொன்றும் இருபது வீதமாக, மறுபடியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஆண்டு முடிவு ஒன்றுகூடல். பெண்கள் எல்லாரும் ஒவ்வொரு கறி சமைத்துக் கொண்டுபோவதாக ஏற்பாடு. விமலாதேவி கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் இருந்தார். காலை பதினொரு மணிதான், ஆனால் ஈரப்பனி தூறி வெளிச்சம் வற்றியிருந்தது. ரொம்சோஸ் ஏற்றத்தில் ஒரு பாதசாரிக் கடவை. மகேசன் ஒரே சீராக ஓட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சருங்கோ! ஆள்!"

கால் தானாக அழுத்தியது. கார் வழுக்கி நின்றது. சட்டிக்குள் குழம்பு ஒருமுறை ஆடியது. காரின் மூக்குக்கு இரண்டு முழம் முன்னால் ஒரு பெண். அவள் கையில் பிள்ளைத் தள்ளுவண்டி. சாம்பல் நிற உடுப்பு, சாம்பல் நிற வண்டி, சாம்பல் நிறத் தெரு. அவள் கையை உயர்த்தி ஏதோ சொன்னாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கண்டனான், கண்டனான்" என்றார் மகேசன். "ஏன் கத்துறீர்?"

விமலாதேவி சட்டியின் மூடியைச் சரிசெய்தார்.

ஒன்றுகூடலில் மகேசனுக்குச் சோறு இறங்கவில்லை. யார் என்ன கேட்டாலும் ஓம் ஓம் என்றார். அந்த வண்டிக்குள் இருந்த பிள்ளையை அவர் காணவில்லை. வண்டியையே காணவில்லை. கத்தல்தான் கேட்டது. முப்பத்தொரு வருடத்துப் பேர் ஒரு நொடியில் என்னவாகியிருக்கும் என்பதை முதலில் யோசித்தார். பேரைப் பற்றி முதலில் யோசித்ததற்காக அடுத்த கணம் தன்மீதே அருவருப்பு வந்தது. ஒரு பிள்ளை. மற்றவர்கள் மேடையில் பாட்டுப் பாடினார்கள். அவர் கைதட்டவேண்டிய இடங்களில் கைதட்டினார்.

மூன்றரை மணிக்கு முடிந்தது. ஆண்கள் கதிரை மடித்தார்கள். "நான் சட்டியையும் கொண்டு காருக்குப் போறன், நீங்கள் வாங்கோ" என்று விமலாதேவி போய்விட்டார். மகேசன் வெளியே வந்தபோது நன்றாக இருண்டிருந்தது. பனி விழுந்து இலக்கத் தகடுகளையெல்லாம் மூடியிருந்தது. அன்றைக்கு நல்ல கண்ணுள்ளவனுக்கும் எது யாருடையது என்று தெரிந்திராது. மூன்றாவது வரிசை என்று நினைவு. போனார். கைபிடியைத் தொட்டார்; திறந்தது. பிறகென்ன சந்தேகம்? ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் சட்டி இருந்தது. பவ்வியமாகப் பெல்ட்கூடப் போட்டிருந்தது. பின்னால் கறுப்புக் குளிர்ச்சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டபடி உருவம் ஒன்று இருந்தது. சட்டிக்கு இடம் கொடுத்துவிட்டு விமலா பின்னுக்கு இருக்கிறாள் என்று நினைத்தார். காலையிலிருந்து பேசாமல் இருப்பவள். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது.

"விமலா, நான் காணேல்லை" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "காலமை கண்டனான் எண்டு சொன்னது பொய். அந்தப் பெட்டையையும் காணேல்லை, வண்டிலையும் காணேல்லை. நீர் கத்தினதாலைதான் நிண்டனான். எனக்குக் கண் சரியில்லை. கனநாளாய்ச் சரியில்லை. அண்ணற்றை மாதிரிப் போயிடுமோ எண்டு பயமாய்க் கிடக்கு."

சட்டியிலிருந்து இறால் மணம் வந்தது. கத்தரிக்காய்க் குழம்பு இறால் மணக்காது என்பது அவருக்கு உறைக்கவும் பின்னாலிருந்து குரல் வரவும் சரியாக இருந்தது.

"தம்பி, நான் சிவநாயகி."

மகேசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவநாயகி! ரொம்சோஸில் அவர் காதில் விழுந்தால் ஹொல்ம்லியாவில் கேட்கும் என்று பேர். யாரிடம் மறைக்கவேண்டுமென்று ஒரு பட்டியல் போட்டால் முதலாவதாக வரவேண்டிய ஆளிடம் முழுவதையும் கொட்டியாயிற்று. இறங்கி ஓடலாமா என்று பார்த்தார். எங்கே ஓடுவது, எந்தக் காருக்கு? கண்ணில் நீர் வந்து இருந்த பார்வையையும் கெடுத்தது.

சிவநாயகி இறங்கிச் சுற்றி வந்து ஓட்டுநர் கதவைத் திறந்தார். "இறங்குங்கோ. வழுக்கும், என்ரை கையைப் பிடியுங்கோ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கதைக்கிற ஆள்தான். ஆனா எல்லாத்தையும் கதைக்கிறேல்லை. இதை விமலாவுக்குச் சொல்லுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ."

இரண்டு பேரும் பனிக்குள் நடந்தார்கள். வாசலில் நின்ற பத்மநாதன் கண்டுவிட்டார். "என்ன மகேசன், திரும்பவும் எங்கடை காரோ?" கூட்டம் சிரித்தது.

"நான்தான் சட்டி தூக்கக் கூப்பிட்டனான்!" என்று சிவநாயகி ஒரு அதட்டல் போட்டார். "நீங்கள் நிண்டு பல்லைக் காட்டுறியள், அவர்தான் வந்து தூக்கினவர்." சிரிப்பு அடங்கியது. அவர் மகேசனைச் சரியான கார்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

விமலாதேவி முன் இருக்கையில் வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மகேசன் ஓட்டுநர் கதவருகே வந்து நின்றார். கைபிடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்து, பின் கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தார். கதவு மூடியதும் வெளியே எல்லாம் போய்விட்டது. இருபது வீதமும் பனியும் சேர்ந்து அவரை மறைத்துவிட்டன.

"நான் காணேல்லை, விமலா. காலமை."

"தெரியும்."

"நீர் ஓட்டும்" என்றார். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று குழம்பினார். விமலாதேவி பன்னிரண்டு வருடத்துக்கு முன் லைசென்ஸ் எடுத்தவர். எடுத்த நாளிலிருந்து அது பேர்சுக்குள்தான் இருந்தது. மகேசன் இருக்கும்போது வேறு யார் ஓட்டுவது?

விமலாதேவி இறங்கினார். சட்டியைப் பின்னுக்கு நீட்டி அவர் மடியில் வைத்தார். சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, திரையில் ஒரு இடத்தைத் தொட்டார். இருக்கை முனகிக்கொண்டு தானாக முன்னுக்கு நகர்ந்தது. ஸ்டியரிங் இறங்கியது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் திரும்பி அவருடைய உயரத்துக்குப் பணிந்தன.

"என்ன செய்யுது இது? ஏன் தானாய் அசையுது?"

"அது என்ரை அளவு. கம்சிகா என்ரை பேரிலை போட்டு வைச்சவள்."

"எப்ப?"

"ஓகஸ்ட்டிலை. லீவிலை வந்து நிண்டவளெல்லோ." விமலாதேவி திரும்பவில்லை, சாலைக்கு நேரே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் சாப்பிட்டிட்டுப் படுத்தாப் பிறகு. கடையள் பூட்டு, கார் விடுற இடம் வெறுமனே கிடக்கும். முதலிலை அதுக்குள்ளை சுத்தினனான். பிறகு பக்கத்திலை ஹவுகெட்டோ வரைக்கும் போய்ப் பழகினனான். இப்ப எல்லா இடமும் போவன்."

மகேசன் கணக்குப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமைப் பற்றரி. எழுபது என்று தெரிந்தது எழுபதுதான். அதிலாவது கண் பொய் சொல்லவில்லை. ஓகஸ்ட். அவரே ஒப்புக்கொள்ளாத விஷயம், அவருடைய பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கடவையிலும் கால்விரலை ஊன்றிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவள் திறப்பைக் கேட்கவில்லை. அவர் தருகிற நாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். பின் கண்ணாடி கறுப்பு. வாசலில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை பத்தரைக்குக் கண் டொக்டர். நான்தான் ரைம் எடுத்தனான்" என்றார் விமலாதேவி. "அண்ணருக்கு வந்தது வேறை, உங்களுக்கு வேறையாய் இருக்கலாம். காட்டினால்தானே தெரியும்."

"ஓம்."

"பெல்ட்டைப் போடுங்கோ."

மகேசன் இடப் பக்கம் தடவினார். வலப் பக்கம் தடவினார். தன்னுடைய காரில் பின்னால் பெல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. விமலாதேவி காரை எடுக்கவில்லை. கொளுவுகிற சத்தம் கேட்கும்வரை ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.